பெராண்டாவுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

மாசாய்
2 ஜூன் 2025

தர்மினி அக்காவுக்கு வணக்கம்.

நேற்றிலிருந்து உங்களை அழைத்து அழைத்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அட்மின்கள் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப் புலனக் குழுவிலிருந்தும் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டீர்கள். கடைசியில், "ஃபோனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம், சொல்ல வேண்டியதை மின்னஞ்சலில் எழுது" என்று ஒற்றை வரி அனுப்பினீர்கள். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதி நான் நல்ல மார்க் வாங்கியதே இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஜொகூர் துக்கச் செய்தி' குழுவை ஏழு வருடமாக நாம் இருவரும் பெராண்டா செயலியில் நடத்துகிறோம். தங்காக்கில் நீங்கள், மாசாயில் நான். எந்தத் தமிழர் வீட்டில் சாவு விழுந்தாலும் நம் குழுவில்தான் முதலில் தெரியும். எடுக்கும் நேரம், எந்த மின்சுடலை என்று போட்டுவிட்டால், குளுவாங்கில் இருப்பவரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவரும் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுவார்கள். நம் ஆட்களில் இன்று செத்தால் நாளை எடுத்தாக வேண்டும். செய்தி ஒரு நாள் தாமதமானால் அது செய்தியே இல்லை.

பெராண்டாக்காரர்கள் ஏப்ரலில் நேர வரிசையை எடுத்துவிட்டார்கள். எது யாருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதை இப்போது அவர்களுடைய கணினிதான் முடிவு செய்கிறது. எல்லாருக்கும் உடனே போக வேண்டுமா, காசு கட்டு என்கிறது. பதிவில் இரண்டு வரிதான் தெரியும். மீதியைப் படிக்க ஒரு விளம்பரத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். அதனால்தானே இடம், நேரம், தொடர்புக்கு வீட்டில் யார் என்பதை மேலே போடுங்கள், காலமானவர் பெயர் கீழே இருக்கட்டும் என்று நாமே எல்லாருக்கும் சொல்லிவைத்தோம்? போதாததற்கு இரங்கல் எழுதினால் பலூன் பறக்கிறது. அலமாக்!

என் சின்னம்மா பேச்சியம்மாளை மறந்துவிட்டீர்களா? தம்போயில் கேன்டீனில் சமைக்கிறவர். கூடப்பிறந்த அண்ணன் ரெங்கத்தில் இறந்ததைப் பெராண்டா அவருக்கு மூன்றாம் நாள்தான் காட்டியது. குழுவில் போட்டாயிற்று, பார்த்திருப்பார் என்று சொந்தக்காரர்கள் யாரும் தனியாக அழைக்கவில்லை. மாலையோடு போய் இறங்கினால் வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். "கூடப்பொறந்தவன் மொகத்த பாக்க விடாம பண்ணிட்டானுங்கடா" என்று என் முன்னால் அழுதார். எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அதற்குத்தான் இந்தப் போராட்டம். நாம் மட்டுமில்லை. மீன்பிடிக்கிறவர்கள் குழு, பழைய மோட்டார் சைக்கிள் குழு, சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசல் சொல்லும் குழு என்று மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் சேர்ந்திருக்கிறோம். வரும் திங்களிலிருந்து ஒரு வாரம் குழுக்களைப் பூட்டப்போகிறோம். ஆள் வராவிட்டால் விளம்பரத்தை யாருக்குக் காட்டுவான்? இரண்டு அட்மினும் 'சரி' அழுத்தினால்தான் பூட்டும். பூட்டிய பிறகு போராட்டம் பற்றி ஒரே ஓர் அறிவிப்பைத்தான் அட்மின் வைக்க முடியும். நான் அழுத்திவிட்டேன். நீங்களும் அழுத்துங்கள் அக்கா.

அன்புடன்
யுகேந்திரன்


தங்காக்
4 ஜூன் 2025

தம்பி யுகேந்திரனுக்கு,

கடிதத்தில் பிழை ஒன்றும் இல்லை. யோசனையில்தான் பிழை.

பெராண்டாக்காரர்கள் செய்வது அநியாயம் என்பதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. நானும் மூன்று தடவை புகார் எழுதினேன். மூன்று தடவையும் ஒரு சிரித்த முகம் பதிலாக வந்தது. நில அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவள் நான். மக்களை எப்படி அலையவிடுவது என்று எங்களுக்கும் தெரியும். இவர்கள் எங்களையே மிஞ்சிவிட்டார்கள். ஆனாலும் குழுவைப் பூட்டுவது பதில் இல்லை. அந்த ஒரு வாரம் நம் ஆட்கள் சாகாமல் காத்திருப்பார்களா?

இது ஊருக்காக நான் சொல்லும் காரணம். எனக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. இத்தனை வருடமாக உன்னிடம் சொல்லவில்லை. இப்போதும் சொல்லாவிட்டால் என்னை வெறும் பிடிவாதக்காரி என்று நினைப்பாய்.

எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். ஜெயசங்கர். இருபது வருடத்துக்கு முன்னால் செல்வராணி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். பாசீர் கூடாங் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் அப்பா கனகசுந்தரம் ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தா. சிலோன்காரர் என்ற நினைப்பு தலைக்கு மேல் இருந்தது. "தோட்டத்துப் பெட்டையோட இந்தப் படி ஏறாதே" என்றார். அண்ணா இறங்கிப் போனார், அதோடு சரி. சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறார் என்று யாரோ சொன்னார்கள். முகவரி தெரியாது. அப்பாவுக்குப் பிறகு அம்மாவும் நானும் ஜொகூர் பாருவை விட்டு இங்கே வந்துவிட்டோம். எங்கள் முகவரியும் அவருக்குத் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா போனபோது குழுவில் நீதான் போட்டாய். அன்று மதியம் அதன் கீழே 'ஜெ. சங்கர்' என்று படம் இல்லாத ஒரு பெயர் கூப்பிய கை வைத்திருந்தது. அண்ணாதான். வரவில்லை. கொள்ளி வைத்தது ஒன்றுவிட்ட தம்பி. அந்தப் பெயருக்கு எழுதிப் பார்த்தேன், பதில் இல்லை. என் எண் நாம் போடும் ஒவ்வோர் அறிவிப்பின் அடியிலும் இருக்கிறது. ஒரு நாளும் அழைத்ததில்லை. ஆனால் இன்றுவரை குழுவை விட்டுப் போகவும் இல்லை.

அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. இதயம் களைத்துவிட்டது, இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கேட்பது ஒன்றுதான். "சங்கர்தான் எனக்குக் கொள்ளி வைக்க வேணும்." அண்ணாவுக்குச் செய்தி போய்ச் சேர எனக்கு இருக்கும் ஒரே வழி நம் குழு. நீ பூட்டச் சொல்லும் அந்த வாரத்தில் அம்மா போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

'சரி' அழுத்த மாட்டேன்.

தர்மினி


மாசாய்
5 ஜூன் 2025

அக்கா,

வேலைக்குப் போகும் வழியில் பசியாற உட்கார்ந்தவன், உங்கள் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் ரொட்டி சானாய் ஆறிப்போய்விட்டது.

முதலில் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். உங்கள் அப்பா இருந்திருந்தால் என்னையும் படி ஏற விட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது. அந்த மனுஷனுக்குத்தான் நான் கறுப்புச் சட்டம் போட்டு, பிழை திருத்தி, 'அன்னாரின்' என்றெல்லாம் எழுதி அறிவிப்பு போட்டேன். மேலே இருந்து பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். சிரிப்பாகத்தான் எழுதுகிறேன். ஆனால் கொஞ்சம் வலித்தது அக்கா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குழு திறந்தே இருக்கிறது, அம்மாவுக்கு ஏதோ ஆகிறது, நாம் போடுகிறோம் என்று வையுங்கள். உங்கள் அண்ணனுக்கு அது எப்போது தெரியும்? என் சின்னம்மாவுக்குத் தெரிந்த மாதிரி மூன்றாம் நாள் தெரியும். கொள்ளி வைக்க வேண்டியவர் சாம்பலைப் பார்க்கத்தான் வருவார். திறந்து வைத்திருப்பதால் என்ன பிரயோசனம்? நேர வரிசை திரும்பி வந்தால்தான் உங்கள் அண்ணனும் வருவார். அதற்காகவாவது பூட்டுங்கள்.

பூட்டினால் திறக்க முடியாதா என்ன? நாம் இருவரும் அழுத்தினால் ஒரு நிமிட வேலை. ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஷிப்டில் இருந்தாலும் ஓடி வந்து திறந்துவிடுகிறேன். என் அம்மா மேல் சத்தியம்.

யுகேந்திரன்


தங்காக்
8 ஜூன் 2025

தம்பி,

மூன்று நாள் யோசித்தேன். சாம்பலைப் பார்க்க வருவார் என்று எழுதியிருந்தாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை. இப்போதுதான் 'சரி' அழுத்தினேன்.

அப்பா உன்னை வாசலில் நிற்க வைத்துத்தான் பேசி அனுப்பியிருப்பார். மறைப்பதில் அர்த்தமில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. நீ ஒரு நாள் இங்கே வா. அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். குழுவில் வரும் அறிவிப்புகளை நான்தான் படித்துக் காட்டுவேன். "இந்தப் பெடியன் நல்லாத்தான் எழுதுறான்" என்பார்.

ஒரே ஒரு நிபந்தனை. இந்த வாரம் என்னைக் கேட்காமல் குழுவில் எதுவும் போடாதே.

தர்மினி அக்கா


தங்காக்
14 ஜூன் 2025, சனிக்கிழமை

திரு. யுகேந்திரன் அவர்களுக்கு,

இன்று காலையிலிருந்து எனக்கு ஓயாமல் அழைப்பு வருகிறது. எடுத்தவுடன் அழுகிறார்கள். "எப்ப தவறுனாங்க? எத்தன மணிக்கு எடுக்குறீங்க?" யாருக்கு என்று கேட்டால், "ஐயோ பாவம், அதிர்ச்சியில பேசுது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்கள். இது எல்லாம் நடக்கும்போது என் அம்மா கட்டிலில் சாய்ந்து பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

பிறகுதான் குழுவுக்குள் போய்ப் பார்த்தேன். 'கண்ணீர் அஞ்சலி. ஞாயிறு காலை பத்து மணி, பொது மண்டபம், மாசாய். தொடர்புக்கு: தர்மினி கனகசுந்தரம், யுகேந்திரன்.' இரண்டு வரி, கறுப்புச் சட்டம். மிச்சத்தைப் படிக்க ஒரு ஷாம்பு விளம்பரம் பார்த்தேன். அதற்குப் பிறகு வருகிறது உங்கள் வேடிக்கை: பேராசை நோயால் அகால மரணமடைந்த பெராண்டாவுக்கு நண்பர்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்களாம்.

நன்றாக இருக்கிறது. ஆனால் விளம்பரம் பார்த்துப் பெயரைப் படிக்கிறவர் நம் ஆட்களில் எத்தனை பேர்? இடம், நேரம், ஆள் பெயர் பார்த்தால் மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். அப்படிப் பழக்கியது நாம். என் பெயரை ஏன் போட்டீர்கள்? என் அண்ணனும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார் என்று உங்களுக்குச் சொன்னேனே. உடனே எடுங்கள்.

தர்மினி கனகசுந்தரம்


மாசாய்
15 ஜூன் 2025

அக்கா,

திட்டுங்கள். முதலில் இதை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

உங்கள் பெயரை வேண்டுமென்று போடவில்லை. ஏழு வருடப் பழக்கம். கண்ணீர் அஞ்சலி என்று எழுதினால் கை தானாக நம் இரண்டு பேர் பெயரையும் போட்டுவிடுகிறது. வழக்கமாக அடியில் வருவது, வீட்டார் பெயர் என்று ஒன்று இல்லாததால் இந்தத் தடவை மேலே ஏறிவிட்டது. உங்களைக் கேட்காமல் போட்டது தப்பு, அதற்குச் சாக்கு சொல்ல மாட்டேன். உங்கள் கடிதம் பார்த்த உடனே எடுக்கப் போனேன். போராட்டத்தில் இருக்கும் குழு பரிசீலனையில் உள்ளது, எதையும் மாற்ற முடியாது என்கிறது பெராண்டா. அழிக்கவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. ஒரு நிமிடத்தில் திறப்பேன் என்று சத்தியம் பண்ணினேனே, அதுவும் போச்சு. இன்னொரு கூத்து தெரியுமா? குழுவில் வேறு பதிவே இல்லாததால் இந்த ஒன்றை மட்டும் பதினெட்டாயிரம் பேருக்கும் உடனுக்குடன் காட்டியிருக்கிறது. காசு கட்டாமலேயே.

முப்பது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். மோட்டார் சைக்கிள் குழு குணாளன் மைக் கொண்டுவந்தான். அட்டையில் பெரிய கைப்பேசி செய்து, மாலை போட்டு, மேசையில் சாய்த்து வைத்திருந்தோம். ஒன்பதரைக்கே கார் நிறுத்த இடமில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலை, கையில் மாலை. பத்துமலைத் தைப்பூசம் மாதிரி கூட்டம். ஒரு குழு தப்பு மேளத்தையே எடுத்து வந்துவிட்டது. சின்னம்மா பேச்சியம்மாள் தம்போயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். "பொணம் எங்கடா?" என்றார். அட்டைக் கைப்பேசியைக் காட்டினேன். "செத்தது ஃபோனா? இதுக்காடா நான் லீவு போட்டுட்டு வந்தேன்?" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

எல்லாரும் கத்தினார்கள். குணாளன் பயந்து மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டான். என்ன நடந்தது என்று சொன்னேன். ஏன் பூட்டினோம் என்றும் சொன்னேன். அப்போது சின்னம்மா மைக்கை வாங்கினார். "எங்கண்ணன் பேரு ஐயாசாமி. ரெங்கத்துல போயிட்டாரு. எனக்கு மூணு நாள் கழிச்சுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்து ஒருவர் எழுந்து அவருடைய மாமியார் பெயரைச் சொன்னார். அப்புறம் இன்னொருவர். வந்தவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டு மாதத்தில் யாரையோ பார்க்காமல் விட்டவர்கள் அக்கா. கத்தியவர்கள் எல்லாம் அமைதியாகிவிட்டார்கள். தப்பு மேளக்காரர்கள் கடைசியில் நிஜமாகவே மேளம் அடித்தார்கள். நான் எத்தனையோ கூட்டம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்று பார்த்ததில்லை.

இப்போது நீங்கள் கேட்க வேண்டியது. உட்கார்ந்து படியுங்கள்.

கூட்டத்தின் கடைசியில் ஒருவர் நின்றுகொண்டே இருந்தார். ஐம்பத்தைந்து, அறுபது இருக்கும். சுத்தமாக மொட்டை அடித்து, மீசையும் மழித்து, வேட்டியோடு. என்னிடம் வந்து, "தர்மினி எங்க? நான் அவ அண்ணன்" என்றார்.

அவரை ஓர் ஓரமாக அழைத்துப் போனேன்.

"அம்மாவ உள்ளயா வச்சிருக்காங்க?" என்றார்.

"அண்ணே, யாரும் சாகல. அம்மா இருக்காங்க. தங்காக்ல இருக்காங்க. நேத்து கூட பார்லித் தண்ணி குடிச்சாங்களாம்."

பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்தார். நான்தான் உட்கார வைத்தேன். பிறகு, "பேர படிக்க மனசு வரல தம்பி. தங்கச்சி பேர பாத்ததும் ஃபோன மூடிட்டேன்" என்றார். தலையைத் தடவிக்கொண்டு, "அப்பாவுக்குதான் பண்ணல. வெளிய போன்னு யாராச்சும் சொல்லிருவாங்களோன்னு பயம். மொட்டையோட போய் நின்னா பெத்த மகனை யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்கல்ல? அதான் நேத்து சாயங்காலமே மழிச்சிட்டேன்" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் முகவரியை எழுதிக் கொடுத்தேன். "இப்பவே போங்கண்ணே, ரெண்டு மணி நேரம்தான்" என்றேன். அதற்கு அவர், "உயிரோட இருக்கற அம்மா முன்னாடி இந்தத் தலையோட எப்படிப் போய் நிப்பேன்? நானே கொன்ன மாதிரி ஆயிடும் லா" என்றார். எண் கேட்டேன், கொடுக்கவில்லை. "நான் வந்தேன்னு சொல்லிடாதீங்க" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லாதே என்றார். சொல்லிவிட்டேன்.

யுகேந்திரன்


தங்காக்
17 ஜூன் 2025

தம்பி யுகேந்திரனுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் போய்ப் படித்தேன். அம்மா முன்னால் அழ முடியாது.

உன்மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் நேற்று முழுக்க முயற்சி செய்தேன். கோபம் வருகிறது, போய்விடுகிறது. இருபது வருடமாக வீட்டுப் பக்கமே வராதவர் ஓர் அட்டைக் கைப்பேசியின் சாவுக்கு வந்திருக்கிறார். யாரிடம் போய் இதைச் சொல்வேன்?

வாசலில் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எழுந்து போகிறேன். வரவில்லை. வர மாட்டார். எனக்கு அண்ணாவைத் தெரியும், இந்த விஷயங்களில் அப்பாவைவிடப் பிடிவாதம். உயிரோடு இருக்கும் தாய்க்கு மகன் தலை மழிக்கக் கூடாது என்றால் கூடாதுதான். முடி வளர்ந்த பிறகு வரலாம் என்று இருப்பார். அம்மாவுக்கு அத்தனை நாள் இல்லை தம்பி. நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கஞ்சிதான். அதுவும் நான் கெஞ்சினால்.

இன்று காலை பெராண்டாவிலிருந்து கடிதம். உனக்கும் வந்திருக்கும். விதிகளை மீறியதால் நம் இருவரையும் அட்மின் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்களாம். குழுவை அவர்களே திறந்து நடத்தப்போகிறார்களாம். நேர வரிசை பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாம் தோற்றுப்போனோம். அண்ணாவுக்குச் சொல்ல இருந்த அந்த ஒரு வழியும் இப்போது என் கையில் இல்லை.

அவர் எப்படி இருந்தார்? மெலிந்திருந்தாரா? அந்தப் பெண் கூட வந்திருந்தாரா? எல்லாவற்றையும் எழுது. சின்ன விஷயம் என்று எதையும் விடாதே.

தர்மினி அக்கா


மாசாய்
18 ஜூன் 2025

அக்கா,

மெலியவில்லை. லேசாகத் தொப்பை இருக்கிறது. உங்கள் மூக்கு, உங்களைப் போலவே பேசும்போது ஒரு புருவம் மட்டும் ஏறுகிறது. போகும்போது திரும்பி வந்து, "நடக்குறாங்களா?" என்று ஒன்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

எனக்கும் அந்தக் கடிதம் வந்தது. மீன்பிடிக்கிற குழுக்காரர்களுக்கும் வந்தது. மோட்டார் சைக்கிள் குழுவை அடியோடு அழித்துவிட்டார்கள், குணாளன் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தோற்றோம் என்பது உண்மைதான். ஆனால் அன்று மண்டபத்தில் வந்தவர்கள் சும்மா கலைந்து போகவில்லை. அவரவர் தாமானில், குடியிருப்பில், சாவு என்றால் யார் யாரை அழைத்துச் சொல்வது என்று பேசிவைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மாசாய்க்கு நான். நேற்றே ஒரு செய்தி வந்தது. வேலை முடிந்து நாற்பது பேரை அழைத்தேன், தொண்டை கட்டிவிட்டது. பெராண்டா இல்லாமலும் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது நல்ல செய்தி. உங்கள் அண்ணி அன்று காரிலேயே உட்கார்ந்திருந்தார். சின்னம்மாவுக்குத்தான் யாரைப் பார்த்தாலும் எந்தத் தோட்டம் என்று கேட்காவிட்டால் தூக்கம் வராதே. கார் கண்ணாடியைத் தட்டிக் கேட்டிருக்கிறார். பேச்சு போன போக்கில் அண்ணி தன் எண்ணைக் கொடுத்திருக்கிறார். என்னிடம் நேற்று ராத்திரிதான் சாவகாசமாகச் சொல்கிறார் இந்தச் சின்னம்மா!

உடனே அழைக்கச் சொன்னேன். அண்ணிதான் எடுத்தார். அண்ணன் தொப்பி போட்டுக்கொண்டு பஸ் ஓட்டுகிறாராம், வீட்டில் யாரோடும் பேசுவதில்லையாம். சின்னம்மா அவரைப் பேசக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அப்படியே எழுதுகிறேன்:

"ஏப்பா, மொட்டைக்கா பேரு எழுதி ஒட்டியிருக்கு, இது சாவு மொட்டை, இது சாமி மொட்டைன்னு? நேரா கோயிலுக்குப் போ. எங்கம்மா நல்லா இருக்கணும்னு வேண்டிக்க. தலை நெறய சந்தனத்த பூசு. அது வேண்டுதல் மொட்டை ஆயிரும். சந்தனம் காயறதுக்குள்ள போய் அம்மாவப் பாரு. எனக்குதான் எங்கண்ணன் மொகம் கெடைக்கல."

வைத்துவிட்டாரோ என்று நினைத்தோம். பிறகு, "சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இனி எனக்கும் தெரியாது.

யுகேந்திரன்


தங்காக்
22 ஜூன் 2025

தம்பி யுகேந்திரனுக்கு,

நேற்று மதியம் வந்தார்.

நான் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கார் நின்ற சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எழுந்து எழுந்து எனக்கு அலுத்துவிட்டது. கதவு தட்டிய பிறகுதான் போனேன். அண்ணா. தலை முழுக்கச் சந்தனம், வெயிலில் வெடித்துக் காதோரம் உதிர்ந்துகொண்டிருந்தது. பின்னால் வேலிக் கதவை விட்டு உள்ளே வராமல் செல்வராணி நின்றார். அண்ணா என் தலையில் கை வைத்தார். நான் இரண்டு பேரையும் உள்ளே வாருங்கள் என்றேன். அண்ணா வந்தார். செல்வராணி வாசற்படி வரை வந்து நின்றுவிட்டார்.

அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அண்ணா கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, "அம்மா, சங்கர்" என்றார். அம்மா அவர் முகத்தைத் தடவினார். பிறகு கை மேலே போனது. தலை முழுக்கத் தடவினார், மீசை இருக்க வேண்டிய இடத்தையும் தடவினார். விரலில் ஒட்டிய சந்தனத்தை முகர்ந்து பார்த்தார்.

"வேண்டுதல் அம்மா" என்றார் அண்ணா. "நீங்க நல்லா இருக்கணும்னு."

அண்ணாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சின்ன வயதிலும் தெரியாது. முந்தின சனிக்கிழமை அத்தனை பேர் அழைத்து அழுததை அம்மா கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தார்.

"கொப்பருக்கு நீ வரேல்லை" என்றார் அம்மா. "எனக்கெண்டா, சாகமுன்னமே மொட்டை அடிச்சுக்கொண்டு வந்திட்டாய்."

அண்ணா உடைந்துவிட்டார் தம்பி. அறுபதை நெருங்கும் மனிதர் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அம்மா அவர் தலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நானும் அழுதேன். நன்றாக அழுதேன், யாருக்கும் மறைக்கவில்லை.

பிறகு அம்மா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஆர் அங்க நிக்கிறது?"

"செல்வராணி" என்றேன்.

"ஏன் நிக்கிறாள்? கஞ்சியை அவளிட்டக் குடு. நீ ஊட்டுறது வாய்க்குள்ள போகுதில்லை."

செல்வராணி படி ஏறி உள்ளே வந்து, என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அம்மா நாலு வாய் குடித்தார். அந்த வாரத்தில் அதுதான் அதிகம்.

சாயங்காலம் அண்ணா கிளம்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம்.

"முடி வளருமட்டும் இங்கயே இரு" என்றார்.

அண்ணா என்னைப் பார்த்தார், பிறகு செல்வராணியைப் பார்த்தார். காரிலேயே விட்டிருந்த பைகளை எடுத்துவரச் செல்வராணி போனார்.

தர்மினி அக்கா